சம்பளச் சீட்டுதான் முதல் பாடம்

ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஓர் அக்காவின் சம்பளச் சீட்டை என்றைக்காவது கையில் வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்த சீட்டுகளில் பெயர் இங்கிலீஷில், டிபார்ட்மென்ட் இங்கிலீஷில், பிடித்தம் எல்லாம் இங்கிலீஷில். எண்கள் மட்டும்தான் அவர்களுக்குப் பிடிபடும். கடைசிக் கட்டத்தில் இருக்கும் தொகையை ஒரு பார்வை பார்ப்பார்கள், மடித்துப் பர்ஸில் வைப்பார்கள், வீட்டுக்குப் போனதும் பீரோவில் துணிக்கு அடியில் சொருகிவிடுவார்கள். பல வருஷத்துச் சீட்டுகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருப்பவர்களும் உண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததில்லை.

பகலில் நான் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். சாயந்திரம் கம்பெனி வேன்கள் ஆட்களை இறக்கிவிட்ட பிறகு, அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றின் வகுப்பறையில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறேன். அரசாங்கத்தின் எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்துதான் தொடங்கினேன். திட்டத்தின் பாடம் முடிந்த பிறகும் சிலர் வருவதை நிறுத்தவில்லை. "டீச்சர், தமிழ் கொஞ்சம் வந்துடுச்சி. இங்கிலீஷு எப்ப?" என்று கேட்டார்கள். அப்படி வளர்ந்ததுதான் இப்போதைய வகுப்பு.

இந்த வகுப்பில் உட்கார்ந்து எனக்கு உறுதியாகப் பட்ட ஒன்றைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டத்தில் பரந்து கிடக்கும் நம் தோல் தொழில் வட்டாரத்தில், பெரியவர்களுக்கான பாடத்தை அவர்கள் கையில் இருக்கிற காகிதத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும். அந்தக் காகிதம் இங்கிலீஷில் இருந்தால் இங்கிலீஷில் இருந்து. "முதலில் தமிழ், அப்புறம் என்றைக்காவது இங்கிலீஷ்" என்கிற வரிசை இங்கே பொருந்தாது.

முதலில் அந்தச் சீட்டையே எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 10,000 ரூபாய், மற்ற படிகளோடு மொத்தம் 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப். பிடித்தம் பத்தாயிரத்தில் 12 சதவீதம், அதாவது 1,200 ரூபாய். இஎஸ்ஐ மொத்தத் தொகையில் 0.75 சதவீதம், அதாவது 90 ரூபாய். கைக்கு வருவது 10,710. கரும்பலகையில் இதை எழுதிக் காட்டிய அன்று, ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங்கில் இருக்கும் ஓர் அக்கா கையைத் தூக்கினார்.

"டீச்சர், மாசாமாசம் இந்தத் தொண்ணூறு ரூபா புடிக்கிறாங்கோ. இன்னாத்துக்குன்னு கேட்டா இஎஸ்ஐன்றாங்கோ. இஎஸ்ஐன்னா இன்னா?"

அவர் வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. மூட்டு வலிக்குத் தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துத்தான் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த 90 ரூபாயோடு முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம், அதாவது 390 ரூபாய் கட்டுகிறார் என்பதும், அந்தப் பணத்துக்குத் தனக்கும் குடும்பத்துக்கும் இஎஸ்ஐ மருந்தகத்திலும் ஆஸ்பத்திரியிலும் வைத்தியம் உண்டு என்பதும், டாக்டர் சான்றிதழோடு லீவு எடுத்தால் வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும் என்பதும், பிள்ளைப்பேற்றுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்பதும் அவருக்குத் தெரியாது. அன்றைக்கு வகுப்பில் இருந்த பாதிப் பேருக்கும் தெரியாது. இ, எஸ், ஐ என்ற மூன்று எழுத்தை அன்றைக்கு எழுதிப் பழகினோம். அந்த மூன்று எழுத்தும் அவர்களுக்கு மறக்கவே இல்லை. பூனை, பந்து என்று படம் போட்டுச் சொல்லிக் கொடுத்திருந்தால் மறுநாளே மறந்திருப்பார்கள் என்று நிச்சயமாகச் சொல்வேன்.

அதற்கு அடுத்த பாடம் பெயர். அவரவர் பெயர்.

இது வெளியில் இருப்பவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆதார் அட்டையில் ஒரு மாதிரி ஸ்பெல்லிங், பேங்க் பாஸ்புக்கில் வேறு மாதிரி, பி.எஃப். கணக்கில் இன்னொரு மாதிரி. செல்வி என்ற பெயரை ஒருவர் 'எஸ்' போட்டுத் தொடங்குவார், இன்னொருவர் 'சி, எச்' போட்டுத் தொடங்குவார். ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால், ஒன்றில் புருஷன் பெயர் முழுசாக ஒட்டிக்கொண்டிருக்கும். கம்பெனியில் சேர்ந்த அன்று யாரோ ஒரு கிளார்க் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டது அது. எழுதியதைப் படித்துப் பார்த்து "இது தப்பு சார்" என்று சொல்ல இவர்களுக்கு எழுத்து தெரியாது. மகள் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ பி.எஃப். பணத்தை எடுக்கப் போகும்போதுதான் தெரியும், பெயர் ஒத்துப்போகவில்லை, விண்ணப்பம் திரும்பிவிட்டது என்று. சொந்தப் பணம், சொந்தப் பெயர். ஓர் எழுத்து மாறியதால் பிரவுசிங் சென்டருக்கும் கம்பெனி ஆபீசுக்கும் மாறி மாறி நடக்கிறார்கள், அதற்காக ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளத்தை இழக்கிறார்கள்.

அதனால் என் வகுப்பில் இங்கிலீஷ் எழுத்து கற்பது 'ஏ'-யில் தொடங்காது. அவரவர் பெயரில் இருக்கும் எழுத்துகளில்தான் தொடங்கும். ஆதார் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் இருக்கிற ஸ்பெல்லிங்கை அப்படியே பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பிறகு பாஸ்புக். பிறகு சம்பளச் சீட்டு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக விரலால் தொட்டு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் கண்ணில் படும்போது அவர்கள் முகத்தில் வரும் கோபத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். இத்தனை நாள் அது கோபமாக வரவே இல்லை, "நம்ம தலையெழுத்து" என்று போய்விட்டது. பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். என்கிற 12 இலக்க எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வைக்கிறேன். கம்பெனி மாறினாலும் அந்த எண் மாறாது என்று தெரியாமல், ஒவ்வொரு கம்பெனியிலும் புதுக் கணக்கு தொடங்கி, பழைய பணத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்கள் ஏராளம்.

பி.எஃப். அலுவலகம் ஒரு குறுஞ்செய்தி வசதி வைத்திருக்கிறது. பதிவு செய்த போனில் இருந்து செய்தி அனுப்பினால் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பதில் வரும். பதில் தமிழிலும் வரும். ஆனால் தமிழில் வேண்டும் என்றால் செய்தியின் கடைசியில் டி, ஏ, எம் என்று மூன்று இங்கிலீஷ் எழுத்தை டைப் செய்ய வேண்டும்! "தாய்மொழி தெரிந்தால் போதாதா, இவர்களுக்கு எதற்கு இங்கிலீஷ்?" என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். தமிழுக்குப் போகிற வழியிலும் மூன்று இங்கிலீஷ் எழுத்து நிற்கிறது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் இந்த நிலைமை எப்படி வந்தது என்று புரியும். நம் வட்டாரத்துப் பழைய தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள். அந்த வேலைக்குக் கையும் மூக்கும் கண்ணும் போதும். பட்டை எவ்வளவு ஊறியிருக்கிறது, தோல் எவ்வளவு பதம் ஏறியிருக்கிறது என்று தொட்டே சொல்லிவிடுகிற பெரியவர்கள் இருந்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய அந்த அறிவு எந்த ஏட்டிலும் எழுதப்படாதது. பிறகு குரோம் உப்பால் பதனிடும் முறை வந்தது. சென்னை அடையாறில் 1948-ல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் சீதாராமய்யா குழுவின் பரிந்துரையை ஒட்டி, அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுதாக முடித்த தோலாகவோ ஷூவாகவோ அனுப்பு என்பதுதான் அதன் பொருள். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எல்லாம் அதற்கப்புறம் மாறின. ஷூ கம்பெனிகள் வந்தன, ஆயிரக்கணக்கில் பெண்கள் வேலைக்குப் போனார்கள்.

ஆவாரம்பட்டைக்கு லேபிள் கிடையாது. குரோமுக்கு உண்டு. மூட்டையிலும் டிரம்மிலும் பெயரோடும் எச்சரிக்கையோடும் இங்கிலீஷ் அன்றைக்குத்தான் தோல் ஷாப்புக்குள் நுழைந்தது. தொழில் மாறியபோது தொழிலாளிக்கு அந்த எழுத்தைச் சொல்லித் தர யாருக்கும் தோன்றவில்லை. முடி நீக்குவதற்குச் சுண்ணாம்போடு சேர்க்கும் சோடியம் சல்பைடு ஒரு பக்கம், பிக்கிளிங் என்கிற ஊறவைப்புக்கு வேண்டிய ஆசிட் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்தால் வருவது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. கொஞ்சமாக இருக்கும்போது அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமாகிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார். பட்டையின் பதத்தைக் கண்டுபிடித்த அதே மூக்கு இங்கே காப்பாற்றாது. கழிவுத் தொட்டியில் இறங்கியவரும் அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து செத்த செய்திகளை நம் ஊர்க்காரர்கள் எத்தனை முறை படித்திருக்கிறோம்!

படிப்பு எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள். தூங்கிக்கொண்டிருந்தபோது சேறு மூடியது. அவர்கள் எவ்வளவு படித்திருந்தாலும் அது நடந்திருக்கும். பாதுகாப்பு முதலாளியின் கடமை, அரசாங்கத்தின் கடமை. அதைத் தொழிலாளியின் படிப்பறிவின் மேல் ஏற்றிவைப்பது அநியாயம். ஆனால் டிரம்மின் மேல் இருக்கும் மண்டையோட்டுப் படமும் அதன் கீழ் இருக்கும் எழுத்தும் என்ன சொல்கின்றன என்று தெரிந்தவர், "கையுறை குடுங்க, மாஸ்க் குடுங்க, இல்லாம தொட மாட்டேன்" என்று சொல்ல ஒரு காரணம் கையில் வைத்திருப்பார். தோல் ஷாப்பில் வேலை செய்யும் ஓர் அண்ணன், வகுப்பில் 'ஆசிட்' என்ற சொல்லைப் படிக்கக் கற்ற வாரத்தில், தன் இடத்தில் இருந்த எல்லா டிரம்மையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "ரெண்டு டிரம்மு பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்காங்கோ டீச்சர். சூப்பர்வைசர் கிட்ட சொன்னேன். தள்ளி வெச்சுட்டாங்கோ." எனக்கு அன்று இரவு சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

இவர்கள் ஏன் சின்ன வயதில் படிக்கவில்லை என்று யாராவது கேட்டால் எனக்கு ஆத்திரம் வரும். குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றவும் தீப்பெட்டி ஒட்டவும் போன குழந்தைகள் இவர்கள். அப்பா வாங்கிய முன்பணத்துக்குக் கொத்தடிமையாக உட்கார்ந்தவர்களும் உண்டு. 1990-களில் வேலூர் ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார் அப்படிப்பட்ட குழந்தைகளை மீட்டு அவர்களுக்கென்று பள்ளிகள் நடத்தினார். ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்து வந்து வேலூரில் செய்து பார்த்ததுதான் பின்னாளில் தமிழ்நாடு முழுக்கச் செயல்வழிக் கற்றலாகப் பரவியது. அந்தப் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் தப்பித்தார்கள். கை எட்டாமல் விட்டுப்போனவர்கள் இன்றைக்கு நாற்பதைத் தாண்டி என் வகுப்பின் குட்டைப் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஆண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் 86.77 சதவீதம், பெண்களில் 73.44 சதவீதம். நடுவில் இருக்கும் அந்த 13 சதவீத இடைவெளியில்தான் நம் ஷூ கம்பெனிகளின் ஸ்டிச்சிங் லைன் ஓடுகிறது.

உலகத்துக்கே முதியோர் கல்வியைப் பற்றிப் பேசிய ஒருவர் நம் வேலூரில் பிறந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மால்கம் ஆதிசேஷய்யா. 1910-ல் வேலூரில் பிறந்து, ஊரிசு கல்லூரியில் படித்து, யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநர் வரை போனவர். திரும்பி வந்து 1971-ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார், முதியோர் கல்விக்காகக் கடைசி வரை உழைத்தார். அவர் பெயரில் யுனெஸ்கோ ஓர் எழுத்தறிவுப் பரிசையே கொடுத்தது. அவருடைய ஊரில் அவர் பெயரைச் சொன்னால் தெரிந்தவர் குறைவு. இது மாற வேண்டும் என்று எனக்கு மிகுந்த ஆசை.

அவர் உழைத்த முதியோர் கல்விக்காக நம் நாட்டில் 1978 அக்டோபர் 2-ல் தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் வந்தது. அதற்குப் பிறகு 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தைச் சேர்ந்தவர்களும் மாவட்ட நிர்வாகங்களும் கைகோத்து நடத்திய அந்தக் காலத்தைப் பற்றி, அதில் வேலை செய்த பெரியவர்கள் இன்றைக்கும் கண் விரியப் பேசுகிறார்கள். புதுக்கோட்டையில் 1991-ல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் தலைமையில் நடந்த இயக்கத்தில் பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றார்கள். குவாரியில் கல் உடைக்கிற பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், கிராம நர்சுகள் எல்லோரும் சைக்கிளில் ஏறினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியது பரவலாகப் படிக்கப்பட்டது. அறிவொளியின் பாடப் புத்தகம் தொடங்கும் சொற்கள் 'பட்டா', 'படி'. நிலத்துக்கு ஏங்குகிற மக்களுக்கு முதல் சொல்லே பட்டா! அதை எழுதியவர்களுக்குத் தங்கள் மாணவர்கள் யார் என்று தெரிந்திருந்தது. பிரேசிலில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேரே 1963-ல் அங்கிகோஸ் என்ற ஊரில் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததும் இதே வழியில்தான், அவர்கள் அன்றாடம் புழங்குகிற சொற்களில் இருந்து. மறு வருஷம் ராணுவ ஆட்சி வந்ததும் அவரைச் சிறையில் போட்டார்கள். ஏழைகள் படிப்பதைக் கண்டு யார் பயப்படுகிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நமக்கு 2020-21-ல் கற்போம் எழுதுவோம் இயக்கம் வந்தது. அதற்கப்புறம் வந்தது 2022-ல் இருந்து 2027 வரைக்குமான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். 15 வயதுக்கு மேற்பட்ட எவரும் சேரலாம். 200 மணி நேரப் பாடம், கடைசியில் ஒரு தேர்வு: வாசிப்புக்கு 50, எழுத்துக்கு 50, கணக்குக்கு 50, ஆக 150 மதிப்பெண். சொல்லித் தருகிறவர்கள் சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள். தேர்வு நாளில் ஒரே பெஞ்சில் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்து எழுதுவதைப் பார்த்தேன். மருமகள் எட்டிப் பார்த்தபோது மாமியார் தாளைக் கையால் மறைத்துக்கொண்டார்! திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் மாநிலம் முழுமைக்கும் ஒரே புத்தகம். ஆம்பூர்த் தொழிலாளியின் சம்பளச் சீட்டு அதில் இருக்க முடியாது. அந்த வேலையை அந்தந்த ஊர்த் தன்னார்வலர்தான் செய்ய வேண்டும்.

வகுப்புக்கு வரும் ஒரு முஸ்லிம் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டில் பேசுவது உருது, கடைத்தெருவில் தமிழ். கணக்கெடுப்பில் அவர் எழுத்தறிவு இல்லாதவர். ஆனால் சிறு வயதில் மதரஸாவில் குர்ஆன் ஓதக் கற்றவர். அரபி எழுத்துகளை விரல் வைத்து ஓட்டமாக ஓதுவார், பொருள் தெரியாது. முதல் நாள் நான் கொடுத்த நோட்டை அவர் பின்பக்கத்தில் இருந்து திறந்து, வலது ஓரத்தில் பென்சிலை வைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை, அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இடமிருந்து வலம் எழுதக் கை பழகச் சில வாரம் ஆனது. அப்புறம் அவர் வேகத்துக்கு மற்றவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. எழுத்துக்கும் ஓசைக்கும் உள்ள உறவு அவருக்கு ஏற்கெனவே தெரியுமே! எழுத்து தெரியாதவர் என்று நாம் ஒதுக்கி வைத்திருப்பவர்களில் இப்படி எத்தனையோ பேர்.

இங்கிலீஷ் விஷயத்திலும் அப்படித்தான். "எனக்கு ஒண்ணுமே தெரியாது டீச்சர்" என்று வருகிறவர்களிடம் கம்பெனியில் இருந்து ஒரு ஷூ பெட்டி ஸ்டிக்கரைக் கொண்டு வரச் சொல்வேன். எல் என்றால் இடது கால், ஆர் என்றால் வலது கால், அது ஃபிட்டிங்கில் இருக்கும் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். ஐரோப்பிய அளவில் 42 என்றால் இங்கிலாந்து அளவில் 8 என்று சொல்லிவிடுவார்கள். அப்பர், சோல், லைனிங், கட்டிங், ஸ்கைவிங், லாஸ்டிங், செக்கிங், டார்கெட், ஷிப்ட், ஓவர்டைம்: காலையில் இருந்து ராத்திரி வரை அவர்கள் வாயில் புரள்கிற இங்கிலீஷ் சொற்களை எழுதினால் ஒரு பலகை போதாது. சொல் இருக்கிறது, எழுத்துதான் இல்லை. அந்தச் சொல்லுக்கு எழுத்தைக் கொடுத்தால் போதும், அடுத்த சொல்லை அவர்களே பிடித்துக்கொள்கிறார்கள். 'லைனிங்' எழுதத் தெரிந்தவர் 'லைன்' எழுதுவார், 'கட்டிங்' எழுதத் தெரிந்தவர் 'கட்' எழுதுவார். இலக்கணப் புத்தகத்தை நான் இதுவரை எடுக்கவே இல்லை. பேச்சுப் பழக்கம்கூட அவர்களுக்கு வேண்டிய இடத்தில் இருந்துதான்: பேங்கில் கேட்க வேண்டியது, கஸ்டமர் கேர் போனில் சொல்ல வேண்டியது, வெளிநாட்டு பையர் லைனைப் பார்க்க வரும்போது கேட்கிற இரண்டு மூன்று கேள்விக்குப் பதில்.

வீட்டில் இருந்து ஷூ அப்பர் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்களின் கதை வேறு. கம்பெனி கேட்டுக்குள் அவர்கள் போனதே இல்லை. வெட்டிய தோலையும் நூலையும் ஏஜென்ட் கொண்டு வந்து போடுவார், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. இஎஸ்ஐ இல்லை, பி.எஃப். இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. இருப்பது ஏஜென்ட்டின் நோட்டு மட்டும். எத்தனை ஜோடி கொடுத்தோம், எத்தனை திரும்பியது, எவ்வளவு முன்பணம் கழிந்தது என்று அவர் எழுதியதுதான் கணக்கு. இவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்தது எழுத்தே இல்லை, ஒரு நோட்டில் நான்கு கோடு போடுவது. தேதி, வாங்கிய ஜோடி, கொடுத்த ஜோடி, கிடைத்த பணம். ஒரு பெண் இரண்டு மாதம் விடாமல் எழுதிவிட்டு, கணக்குத் தீர்க்கும் நாளில் தன் நோட்டை ஏஜென்ட் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "ஏம்மா, நீயும் எழுதறியா?" என்று மட்டும் கேட்டாராம் ஏஜென்ட். அதற்கப்புறம் அந்தத் தெருவில் நோட்டுப் போடாத வீடு குறைந்துவிட்டது. கூலி ஏறவில்லை, அதற்குச் சங்கமும் சட்டமும் வேண்டும். ஆனால் கொடுத்த ஜோடிக்குக் கணக்கு தவறுவது நின்றது.

எழுதப் படிக்கத் தெரிந்த பிறகு எங்கே போவது என்ற கேள்வி கட்டாயம் வரும். பன்னிரண்டரை வயது நிரம்பியவர்கள் பள்ளிக்கே போகாமல் நேரடியாக எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதலாம், அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. அதற்கப்புறம் பத்தாவது. நம் கம்பெனிகளில் ஹெல்பராகச் சேர்ந்தவர் செக்கிங்குக்கோ சூப்பர்வைசராகவோ போவதற்கு எட்டாவது, பத்தாவது சான்றிதழ் கேட்கிறார்கள். வேலை தெரிந்தவர் கீழேயே நிற்க, நேற்று வந்த சான்றிதழ் மேலே போவதைப் பார்த்துப் பார்த்து நொந்தவர்கள் பலர் இந்தத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள். இதில் ஜெயிக்கிறவர்கள் அதிகமில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். நடுவில் ஓவர்டைம் வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், ரம்ஜான் வரும், திருவிழா வரும்.

உண்மையில் இவர்களுக்கு இல்லாதது மூளையோ ஆசையோ இல்லை, நேரம்தான். விடியும் முன் எழுந்து சமைத்து, வேன் பிடித்து, நாள் முழுக்க மிஷினில் குனிந்து, இருட்டிய பிறகு வீடு திரும்பி, மறுபடி அடுப்பு பற்றவைக்கிறவரிடம் "ராத்திரி இரண்டு மணி நேரம் வந்து படி" என்று கேட்பது எவ்வளவு பெரிய கேள்வி! வகுப்புக்கு வராதவர்கள் மேல் நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். கம்பெனிகள் நினைத்தால் இதை ஒரே நாளில் மாற்றலாம். வாரத்தில் இரண்டு நாள், வேலை நேரத்துக்குள்ளேயே, சம்பளத்தோடு ஒரு மணி நேரம். கேன்டீன் ஹாலே போதும். பாதுகாப்புப் பயிற்சி, ஆடிட் என்று வெளிநாட்டு பையருக்காக எத்தனையோ செய்கிறார்கள். டிரம்மில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்த தொழிலாளியைவிடப் பெரிய பாதுகாப்பு ஏற்பாடு எது? இதை முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் மாவட்ட நிர்வாகமும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். 200 மணி நேரப் பாடத்தில் பாதியையாவது வேலை நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் கோரிக்கை. இதைவிடச் சின்னதாகக் கேட்க எனக்கு மனமில்லை.

அதுவரை நம்மால் ஆனது இருக்கிறது. இதைப் படிக்கிற நீங்கள் வேலூரிலோ குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ மேல்விஷாரத்திலோ இருந்தால், பக்கத்தில் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியரைப் பார்த்து, எழுத்தறிவு மையத்துக்குத் தன்னார்வலர் தேவையா என்று கேளுங்கள். பி.எட். வேண்டியதில்லை, பொறுமை வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வு பெற்றவர்கள், பேங்கில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் வரலாம். அதற்கும் நேரமில்லை என்றால், உங்கள் வீட்டிலோ தெருவிலோ கம்பெனிக்குப் போகிற ஓர் அக்கா, ஓர் அண்ணன் கட்டாயம் இருப்பார். இந்த மாதச் சம்பளச் சீட்டை வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டுங்கள். ஆதாரையும் பாஸ்புக்கையும் கூடவே எடுத்து வரச் சொல்லுங்கள். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் இப்போதே திருத்த விண்ணப்பித்துவிடலாம்.